இலையின் நிறமும் செடியின் இடமும்

நர்சரியில் குரோட்டன்ஸ், கோலியஸ், கலேடியம், அக்லோனிமா, டிரசீனா எல்லாம் ஒரே பச்சை வலைக்கடியில் ஒரே வரிசையில் நிற்கும். எதைக் காட்டிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “நிழல்ல வைங்க சார், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி ஊத்துங்க, போதும்.” ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் குரோட்டன்ஸ் பச்சையாகிப் போயிருக்கும். கோலியஸ் ஒல்லியாக நீண்டு, பூத்து ஓய்ந்திருக்கும். கலேடியம் இருந்த தொட்டியில் வெறும் மண் இருக்கும். வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்வார்.

கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இலை வண்ணமாக இருக்கிறது என்ற ஒன்றைத் தவிர இந்தச் செடிகளுக்குள் பொதுவாக அதிகம் கிடையாது. ஒன்றில் நிறம் வருவது நிறமியால். இன்னொன்றில் பச்சையம் இல்லாத திசுவால். வேறொன்றில் தோலுக்கடியில் இருக்கும் காற்றால். அபூர்வமாகச் சிலவற்றில் நோயால். நிறம் எந்த வழியில் வந்தது என்று தெரிந்தால், செடியை வெயிலில் வைப்பதா ஜன்னலோரம் வைப்பதா, எப்படிப் பெருக்குவது, எந்தக் கிளையை வெட்டுவது என்பதெல்லாம் பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும். செடி வளர்ப்பு நூல்கள் பலவும் செடிகளை அகரவரிசையில் அடுக்கிவிட்டு இதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. என் பார்வையில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இதுதான்.

இலையில் நிறம் நமக்குப் புதிதல்ல. மாமரம் துளிர்க்கும்போது கொழுந்து செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். மாந்தளிர் மேனி என்று நாம் சொல்லிப் பழகிய நிறம் அது. அசோகு, அரசு, இலுப்பை இவற்றின் தளிரும் அப்படித்தான். பச்சையம் நிரம்பாத இளம் இலையில் ஆந்தோசயனின் என்ற செந்நிறமி முதலில் சேர்கிறது. கடும் வெயிலிலிருந்து இளந்திசுவைக் காப்பது அதன் வேலை என்பது பலர் ஏற்கும் விளக்கம். பூச்சிகளை விலக்கி வைக்கிறது என்பாரும் உண்டு. சில வாரங்களில் இலை முற்றிப் பச்சையாகிவிடும். தோட்டச் செடிகளிடம் நாம் கேட்பது வேறு. அந்த நிறம் ஆண்டு முழுக்க நிற்க வேண்டும் என்கிறோம்.

குரோட்டன்ஸிலிருந்து தொடங்குவதே முறை. இந்தோனேசியத் தீவுகள், மலேசியா, வடகிழக்கு ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் அதன் தாயகம். டச்சுக் கம்பெனியின் ஊழியராக அம்போன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியஸ் 17-ஆம் நூற்றாண்டிலேயே அதை விவரித்து எழுதியிருக்கிறார். நம் ஊரில் அது பங்களா வாசலுக்கும் கச்சேரி வராந்தாவுக்கும் ரயில்வே பிளாட்பாரத்துக்கும் வந்து சேர்ந்து, எந்தக் குழந்தைக்கும் அடையாளம் தெரிகிற செடியாகிவிட்டது.

மதிலோரம் பாதி நிழலில் நிற்கும் குரோட்டன்ஸ் புதர் ஒன்றைச் சுற்றி வந்து பாருங்கள். வெயில் விழும் பக்கத்துக் கிளைகளில் நுனிக் கொழுந்து மஞ்சள் நரம்போடு இளம்பச்சையாக இருக்கும். நடுக்கிளை இலைகளில் மஞ்சள் பரவி ஆரஞ்சாகத் திரும்பியிருக்கும். அடியிலைகள் ரத்தச் சிவப்பில், சில கருஞ்சிவப்பில் இருக்கும். சுவர் மறைக்கும் பக்கத்துக் கிளைகளோ மொத்தமும் கரும்பச்சை, நரம்பில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு. அதே வேர், அதே தண்ணீர், அதே உரம். வேறுபட்டது வெளிச்சம் மட்டும். மாவிலையில் நிறம் இளமையில் வந்து முதுமையில் மறைகிறது. குரோட்டன்ஸில் இலை முதிர முதிர நிறம் ஏறுகிறது. ஆந்தோசயனினும் கரோட்டினாய்டுகளும் சேர்ந்து பச்சையத்தை மீறித் தெரிய அதற்கு நல்ல வெயில் வேண்டும். நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேர்வெயில் கிடைக்காத இடத்தில் அதை வைத்து, நிறம் வரவில்லையே என்று உரத்தைக் கொட்டுவதில் பயனில்லை. தழைச்சத்து மிகுந்தால் பச்சை இன்னும் கூடும்.

இடம் மாற்றினால் குரோட்டன்ஸ் இலையைக் கொட்டும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள். தண்டைக் கீறிப் பார்த்து உள்ளே பச்சை இருந்தால் விட்டுவைக்கலாம். புது வெளிச்சத்துக்கு ஏற்ற இலையோடு மீண்டு வரும். பெருக்குவதற்கு விண்பதியம் சிறந்தது. மழைக்காலத் தொடக்கத்தில், பென்சிலை விடச் சற்றுத் தடித்த கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான பாசியோ தென்னைநார்த் தூளோ வைத்து பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டினால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் வெளியே தெரியும். பால் சட்டையில் பட்டால் கறை போகாது; தோலிலும் சிலருக்கு அரிக்கும்.

செந்நிறம் எல்லாமே ஆந்தோசயனின் அல்ல. தண்டுக்கீரை, பீட்ரூட், காகிதப்பூ, ஐரசின், பொன்னாங்கண்ணி இவற்றின் சிவப்பு பீட்டாலைன் என்ற வேறொரு நிறமிக் குடும்பம். இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதாக இதுவரை கண்டதில்லை. செங்கீரையைக் கடைந்து சோற்றில் போட்டால் சோறு சிவக்கிறதே, அதுதான் பீட்டாலைன். பூங்காக்களில் புல்தரை நடுவே எழுத்தும் உருவமும் வரைய நட்டு, வாரந்தோறும் கத்தரித்துவிடும் குட்டைச் செடிகளில் முதலிடம் ஆல்டர்னாந்தராவுக்கு. தென் அமெரிக்காவிலிருந்து அலங்காரத்துக்காக வந்த அந்தச் செந்நிறச் செடியைத்தான் நாம் சீமைப் பொன்னாங்கண்ணி என்று கட்டாக வாங்கிப் பொரியல் செய்கிறோம். பூங்காவுக்கும் சமையற்கட்டுக்கும் இடையில் இவ்வளவு குறுகிய தூரம் வேறெந்தச் செடிக்கும் இருக்காது.

கோலியஸும் அப்படியொரு குடும்பம். ஜாவா வழியாக 19-ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பா போனதும், அங்கே பித்துப் பிடித்தவர்கள்போல் கலப்பினங்களை உண்டாக்கினார்கள். ஆனால் அதன் உறவினர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்: சளிக்குக் கிள்ளிக் கொடுக்கும் கற்பூரவல்லி, நெல்லைச் சீமையின் பொங்கலுக்கு வரும் சிறுகிழங்கு, சேலம் பக்கம் மருந்துக்காகப் பயிரிடும் மருந்துக்கூர்க்கன். தாவரவியலார் இவற்றைப் பிளெக்ட்ராந்தஸ், சோலினோஸ்டெமான் என்றெல்லாம் பிரித்து வைத்திருந்து, 2019-ல் கோலியஸ் என்ற பெயரின் கீழேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். கற்பூரவல்லி வளர்க்கத் தெரிந்தவருக்குக் கோலியஸ் சிரமமே இல்லை. கிள்ளி வைத்தால் வேர் பிடிக்கும். தண்ணீர்க் குவளையில் வைத்தாலும் பிடிக்கும். காலை வெயில் வேண்டும், சித்திரை வெயில் ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் வெளிறிச் சுருண்டுவிடும். பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிட வேண்டும். பூக்கவிட்டால் செடி தன் காரியம் முடிந்தது என்று இலையைக் குறைத்துக்கொள்ளும்.

இனி வெள்ளையும் மஞ்சளும் பட்டையாகவோ திட்டாகவோ கலந்த இலைகள். மிகுதியாகக் குழப்பம் நேர்வது இங்கேதான். இவற்றில் புதிதாக ஒரு நிறமி சேரவில்லை. பச்சையம் இல்லாமல் போயிருக்கிறது. செடியின் வளர்நுனி ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த சில செல்லடுக்குகளால் ஆனது. அதில் ஓர் அடுக்கு பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்து, மற்ற அடுக்குகள் இயல்பாக இருந்தால், விரியும் ஒவ்வொரு இலையிலும் இரண்டு வகைத் திசு சேர்ந்தே வளரும். கிமேரா என்று இதைச் சொல்கிறார்கள். எர்வின் பவுர் என்ற ஜெர்மானியர் 1909-ல் வெள்ளை விளிம்பு ஜெரேனியங்களை ஆராய்ந்து இதை விளக்கினார்.

அதே ஆண்டில் கார்ல் கோரன்ஸ் எடுத்துக்கொண்டது நம் வீட்டு வாசலில் முளைக்கும் அந்திமந்தாரையை. அதில் ஒரு வகையில் ஒரே செடியில் பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, இரண்டும் கலந்த கிளை மூன்றும் இருக்கும். பச்சைக் கிளையில் பூத்த பூவின் விதையிலிருந்து பச்சைக் கன்றுகளே வந்தன. வெள்ளைக் கிளையின் விதையிலிருந்து வெள்ளைக் கன்றுகள் முளைத்து, உணவின்றி மடிந்தன. கலந்த கிளையின் விதையில் மூன்றும் வந்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. தாய்க்கிளை எதுவோ கன்றும் அதுவே. மெண்டலின் விதிகளுக்குள் அடங்காத மரபு ஒன்று உண்டு என்பதற்கு முதல் சான்றுகளில் இது ஒன்றானது. பச்சையம் தங்கும் பசுங்கணிகங்களுக்கு உட்கருவைச் சாராத சொந்த மரபு இருக்கிறது என்பது பின்னால் தெளிவானது.

இது ஆய்வகத்தோடு நிற்கிற செய்தியல்ல. ஸ்னேக் பிளான்ட் என்று விற்கும் மஞ்சள் விளிம்புச் சான்சிவேரியாவின் இலை ஒன்றை மூன்று நான்கு துண்டாக வெட்டி மணலில் நட்டுப் பாருங்கள். துண்டின் அடியில் வேர் விட்டு, மண்ணுக்குள்ளிருந்து புதுக்கன்று எழும்பும். அந்தக் கன்றில் மஞ்சள் விளிம்பு இராது, முழுக்கப் பச்சை. துண்டில் இருந்த மஞ்சள் அப்படியே இருக்க, பக்கத்திலேயே பச்சைக் கன்று நிற்பதைக் காணலாம். புதிய மொட்டு உள்திசுவிலிருந்து மட்டும் உண்டானதே காரணம். விளிம்பு வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும். இந்தச் செடியின் நம் நாட்டு உறவு, கோரமண்டல் கரையெங்கும் புதர்களில் வளரும் மருள். சங்கப் பாடல்களில் வரும் மரல் இதுவே என்பார்கள். அதன் நாரில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். அலங்காரத்துக்கு ஆப்பிரிக்க வகை கொடிகட்டிப் பறக்க, நம் மருளைத் தொட்டியில் வைத்து வளர்ப்பவர் இல்லை. சாம்பல் பச்சையில் கரும்பட்டை ஓடும் அதன் இலை எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

வெள்ளை கலந்த செடியில் எப்போதாவது முழுப்பச்சைக் கிளை ஒன்று கிளம்பும். பார்க்கச் செழிப்பாக இருப்பதால் விட்டுவைக்கத் தோன்றும். அது உணவு தயாரிப்பதில் மற்றக் கிளைகளை விஞ்சும். விட்டால் ஓரிரு ஆண்டில் செடி மொத்தமும் பச்சையாகிவிடும். அடியோடு வெட்டிவிட வேண்டும். முழு வெள்ளையாக வரும் கிளையையும் அப்படியே; அது தனக்கான உணவைத் தானே தயாரிக்க முடியாதது.

இதன் தொடர்ச்சியாக வருவது ஒளிக் கணக்கு. இலையில் பாதி வெள்ளை என்றால் பாதி இலைதான் உழைக்கிறது. ஆகவே பச்சை மணி பிளான்ட் பிழைக்கிற மூலையில் வெள்ளை கலந்த மணி பிளான்ட் பிழைக்காது. பிழைத்தாலும் புது இலைகளில் வெள்ளை குறைந்துகொண்டே வரும். வீட்டுக்குள் வெளிச்சம் எவ்வளவு என்பதில் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. நண்பகல் வெட்டவெளியில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ்; ஜன்னலை ஒட்டி ஓரிரு ஆயிரம்; கூடத்தின் நடுவே சில நூறு. கண் பாவையைச் சுருக்கி விரித்து எல்லாவற்றையும் வெளிச்சமாகவே காட்டுகிறது. இலைக்கு அந்த வசதி கிடையாது. செடி வைக்கப் போகும் இடத்தில் பகல் நேரம் கையை நீட்டிப் பார்த்தால் போதும். நிழல் விளிம்போடு தெளிவாக விழுந்தால் வண்ண இலைக்கு இடமுண்டு. மங்கலாக விழுந்தால் அக்லோனிமா, ஸ்னேக் பிளான்ட் தாங்கும். நிழலே விழாத இடம் பிளாஸ்டிக் செடிக்குத்தான்.

வெள்ளி மினுங்கும் இலைகள் தனி ரகம். வியட்நாமிலிருந்து வந்த அலுமினியம் செடி என்னும் பைலியாவின் வெள்ளித் திட்டுகளுக்கு அடியில் பச்சையம் அப்படியே இருக்கிறது. மேல்தோலுக்கும் அதற்கும் இடையிலுள்ள காற்றிடைவெளி ஒளியைச் சிதறடித்து வெள்ளியாகக் காட்டுகிறது. அசாம் பகுதியின் ஈரமலைகளிலிருந்து 1850-களில் ஐரோப்பா போன ரெக்ஸ் பிகோனியாவின் வெள்ளிப் பட்டைகளும் இத்தகையவையே. உழைக்கும் இலையை இழக்காததால் இவை குறைந்த ஒளியிலும் நிறம் குன்றுவதில்லை. ஆனால் ரெக்ஸ் பிகோனியாவுக்குக் குளிரும் ஈரக்காற்றும் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வீடுகளில் அது தகதகக்கும். மதுரையிலோ வேலூரிலோ கோடையைத் தாண்டுவது கடினம். மலையேறியவர்கள் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு இறங்கும் செடிகளில் அதிகம் மடிவது இதுதான்.

நோயால் வரும் அழகும் உண்டு. கி.பி. 752-ல் ஜப்பானியப் பேரரசி கோக்கன் பாடிய ஒரு பாடல், கோடையிலேயே மஞ்சளாகிவிட்ட ஒரு செடியைப் பற்றியது. மான்யோஷு தொகுப்பில் இருக்கிறது. அந்த மஞ்சளுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 2003-ல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். தாவர வைரஸ் நோயைப் பற்றிய மிகப் பழைய பதிவாக அது கருதப்படுகிறது. 1868-ல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து லண்டனுக்கு வந்த மஞ்சள் புள்ளி அபுட்டிலான் கண்ணாடிவீட்டுக்காரர்களின் செல்லச் செடி. ஒட்டுக் கட்டினால் அந்தப் புள்ளி பச்சைச் செடிக்கும் பரவியது, ஏனென்றால் அதுவும் வைரஸ். நம் விவசாயி வெண்டைக் காட்டில் மஞ்சள் நரம்புத் தேமலைக் கண்டதும் தலையில் கை வைக்கிறாரே, அதை உண்டாக்கும் வைரஸும் அபுட்டிலான் வைரஸும் ஒரே வகுப்பு. இந்த வகுப்பு வைரஸ்களைச் சுமந்து திரிவது வெள்ளை ஈ. வெண்டையும் அபுட்டிலானும் ஒரே செம்பருத்திக் குடும்பம். ஆகவே காய்கறித் தோட்டத்துக்குப் பக்கத்தில் திடீரென்று மஞ்சள் வலை பின்னிய இலையோடு ஒரு செடி தெரிந்தால், அரிய வகை என்று பதியம் போடாமல் பிடுங்கி அழிப்பதே நல்லது.

இத்தனை செடிகளும் கடல் கடந்து வந்ததற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி காரணம். லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு மூடிய கண்ணாடிக்குள் செடி தன் ஈரத்தையே சுழற்றி வாழும் என்று கண்டு, 1833-ல் அப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பிக் காட்டினார். 1845-ல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது, கண்ணாடிவீடுகள் பெருகின. வீட்ச் நர்சரிக் குடும்பத்தின் ஜான் கூல்ட் வீட்ச் 1860-களில் தென்கடல் தீவுகளைச் சுற்றிக் குரோட்டன்ஸ், கார்டிலைன், டிரசீனா வகைகளை அள்ளிக்கொண்டு வந்தார். விக்டோரியா காலத்து மோகம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஜப்பானில் அதற்கு முன்பே, 1829-ல், வண்ண இலைச் செடிகளுக்கென்றே மிசுனோ தடாகி படங்களோடு நூல் வெளியிட்டுவிட்டார். இக்காலத்தில் அந்தக் கலை தென்கிழக்கு ஆசியாவின் கையில். இன்று கடைகளில் காணும் சிவப்பு அக்லோனிமாக்களின் வரலாறு, இந்தோனேசியாவின் கிரிகோரி ஹம்பாலி சுமத்ராவின் காட்டு வகை ஒன்றைக் கலந்து 1980-களில் உண்டாக்கிய ‘பிரைட் ஆஃப் சுமத்ரா’விலிருந்து தொடங்குகிறது.

தண்ணீர் விஷயத்தில் நாம் எங்கே வாழ்கிறோம் என்பது முக்கியம். டிரசீனா, கார்டிலைன், ஸ்பைடர் பிளான்ட் மூன்றும் ஃபுளோரைடைத் தாங்காதவை. வேர் உறிஞ்சும் ஃபுளோரைடு இலைநுனியில் சேர்ந்து, நுனி பழுப்பாகி உள்நோக்கிக் காயும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மக்களின் பல்லையும் எலும்பையும் பாதித்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் காரணமான அதே நிலத்தடி நீர், தொட்டியிலுள்ள டிரசீனாவையும் கருக்குகிறது. தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து அதே நீரை இன்னும் ஊற்றினால் இன்னும் கருகும். பிடித்துவைத்த மழைநீரோ ஆற்றுநீரோ தான் மருந்து; சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃபுளோரைடு உண்டு என்பதால் இந்த மூன்றுக்கும் அதைத் தவிர்க்கலாம். தென்னைநார்த் தூள் வாங்கினால் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பைக் கழுவிவிட்டே மண்ணில் கலக்க வேண்டும். செம்மண், தொழுவுரம், கழுவிய நார்த்தூள், கொஞ்சம் ஆற்றுமணல். பெரும்பாலான வண்ண இலைகளுக்கு இது போதும்.

கலேடியத்துக்கு மட்டும் காலம் உண்டு. சேம்பின் உறவான அது தென் அமெரிக்காவின் மழைக்கும் வறட்சிக்கும் பழகிய கிழங்கு. கோடை மழையில் முளைத்து, ஈரம் இருக்கும்வரை இலைவிட்டு, பனிக்காலத்தில் மடங்கிவிடும். தொட்டி காலியாகிவிட்டதே என்று தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகும். தொட்டியை அப்படியே மழை படாத ஓரத்தில் காயவிட்டு, பங்குனி சித்திரையில் மண்ணைக் கிளறிக் கிழங்கை மாற்றி நட்டால் பழைய செடியே இரட்டிப்பாக எழும்.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று இன்று எல்லா நர்சரியிலும் எழுதி ஒட்டியிருக்கிறது. 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வை இதற்குச் சான்று காட்டுகிறார்கள். அது மூடி அடைத்த சிறு கூண்டுக்குள் நடந்தது. 2019-ல் இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட்டவர்கள், ஜன்னல் வழியே வரும் சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஜன்னலைத் திறப்பதே மேல். அழகுக்காக ஒரு செடியை வளர்ப்பது முழுமையான காரணம்தான். அதற்கு மருத்துவக் காரணம் ஒட்ட வேண்டியதில்லை.

விலை விஷயத்திலும் நிதானம் வேண்டும். 2021-ல் நியூசிலாந்தில் வெள்ளை கலந்த ஒரு ராபிடோஃபோரா இணைய ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. ‘பிங்க் காங்கோ’ என்று இளஞ்சிவப்பு இலையோடு விற்ற பிலோடெண்ட்ரானோ, செயற்கையாக நிறம் மாற்றப்பட்டது. சில மாதங்களில் புது இலைகள் பச்சையாகவே வந்தன. நிறத்தின் காரணம் தெரியாமல் பெரும்பணம் கொடுப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் டீஃபன்பேக்கியா, கலேடியம், மணி பிளான்ட் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சேம்பை வேகாமல் தின்றால் தொண்டை அரிப்பது எதனாலோ அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இவற்றிலும். டீஃபன்பேக்கியாவைக் கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சே எழாது. மணி பிளான்டை இன்னொரு இடத்திலும் கவனிக்க வேண்டும். தாகித்தி அருகே மோரியா தீவைத் தாயகமாகக் கொண்ட அது, பூக்கத் தேவையான ஹார்மோனை உண்டாக்க இயலாததால் தானாகப் பூப்பதே அரிது. ஆனாலும் தண்டுத் துண்டு ஒன்று போதும், மரத்தில் ஏறி இலை முறமளவு பெருக்கும். இலங்கையில் காடுகளுக்குள் புகுந்து பரவியிருக்கிறது. மலையூர்களில் இருப்பவர்கள் கத்தரித்த கொடியைச் சரிவில் வீசக் கூடாது. வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே உரக்குழியில் போட வேண்டும்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவருக்கு நான் சொல்வது விலையுயர்ந்த எதுவும் அல்ல. சிவப்புத் தண்டுக்கீரை விதை ஒரு கைப்பிடி, வெள்ளை விளிம்புக் கற்பூரவல்லியின் ஒரு கிளை. இரண்டும் காலை வெயில் விழும் மாடிச் சுவரோரம் ஒரே வாரத்தில் பிடித்துவிடும். முதலாவதில் நிறமி, இரண்டாவதில் பச்சையம் இழந்த திசு. கற்பூரவல்லியில் முழுப்பச்சைக் கிளை கிளம்பினால் அதைக் கிள்ளி ரசத்தில் போடலாம். கீரையின் அடித்தண்டு சாம்பாருக்கு ஆகும்.